தீப்பெட்டி மோடம்: பழைய பிபிசி மைக்ரோவில் மூன்று மாதம் ஓட்டிய பிறகு

1,850 ரூபாய். கூரியருக்கு 90 தனி. வந்து இறங்கிய பெட்டி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஒன்பது கால் சீரியல் சாக்கெட். இன்னொரு பக்கம் பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இருந்த சின்ன யூஎஸ்பி வாய், அது மின்சாரத்துக்கு மட்டும். நடுவில் ஒரு நீல விளக்கு. இதன் தொழில் பொய் சொல்வது. பழைய கம்ப்யூட்டரிடம் "நான் டெலிபோன் மோடம்" (போன் லைன் வழியாக இரண்டு கம்ப்யூட்டர்களைப் பேசவைக்கும் கருவி) என்று சொல்லிக்கொள்ளும், அந்தப் பக்கம் வீட்டு வைஃபையில் போய் ஒட்டிக்கொள்ளும். நாம் போன் நம்பருக்குப் பதில் இன்டர்நெட் முகவரியை டயல் செய்கிறோம். உள்ளே இருப்பது ஈஎஸ்பி8266 சிப். செய்து விற்பவர் தனி ஆள், கையால் செய்கிறார். குறையும் சொல்லப்போவதால் அவர் பெயரை விட்டுவிடுகிறேன். இதே மாதிரிப் பெட்டி செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ரிட்டயர்டு பிசிக்ஸ் டீச்சர் ஒருத்திக்கு இது எதற்கு? என் மகளும் அதைத்தான் கேட்டாள்.

1984-இல் மத்திய அரசு பள்ளிகளுக்கு கம்ப்யூட்டர் கொடுக்க கிளாஸ் என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதில் வந்தவை பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர்கள். 32 கேபி நினைவகம், 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசசர். நான் வேலை பார்த்த பள்ளிக்கும் வந்தன. பல வருஷம் கழித்து எடைக்குப் போட இருந்தபோது ஒன்றை எழுதிக் கேட்டு வாங்கிவந்தேன். தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் எங்கள் மாடி ஷீட் பறந்து தெருவில் விழுந்தது. மெஷின் பிழைத்தது, ஏனென்றால் அதை அரிசி டிரம்மில் மூடி வைத்திருந்தேன். இரண்டு வருஷம் முன்பு திரும்ப வெளியே எடுத்து மின்சாரம் கொடுத்ததும் பவர் சப்ளையில் ஒரு கெப்பாசிட்டர் புகைந்தது. நாற்பது வயதுப் பொருள், கடல் காற்று வேறு. மாற்றியதும் பீப் சத்தத்தோடு எழுந்துவிட்டது.

இந்த மெஷினில் 1989-இல் ஒரு டெர்மினல் புரோகிராம் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் மோடமும் கிடையாது, கம்ப்யூட்டருக்குத் தர போன் லைனும் கிடையாது. பிசிக்ஸ் லேபுக்கும் ஆபீஸுக்கும் நடுவே வராண்டா வழியாக 60 அடி ஒயர் இழுத்து, இரண்டு பிபிசிக்களையும் முதுகோடு முதுகு இணைத்தேன். லேபில் அடித்த மார்க் லிஸ்ட் ஆபீஸில் போய் விழும். அதற்கு எக்ஸ்மோடம் என்ற, கோப்பு அனுப்பும் முறை. மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்தில் ஒரு பத்திரிகையில் பார்த்து ஜெராக்ஸ் எடுத்து வந்தது.

டெர்மினல் புரோகிராம் என்றால் என்ன? கீபோர்டில் அடிப்பதை ஒயரில் அனுப்பு, ஒயரில் வருவதைத் திரையில் போடு. சொல்லும்போது இரண்டு வரி. முதலில் பேசிக் மொழியில் எழுதினேன், அட்வால் மைனஸ் 2 என்று கேட்டால் வந்து காத்திருக்கும் எழுத்துகளின் எண்ணிக்கையைச் சொல்லும். 300 பாட் வேகத்தில் ஓடியது. வினாடிக்கு 30 எழுத்துதான், கூடவே நாமும் வாசித்துக்கொண்டு போகலாம். 9600-க்கு ஏற்றினேன், வினாடிக்கு 960. பேசிக் மூச்சு வாங்கியது. அப்புறம் அனுப்பு, வாங்கு என்று திரும்பத் திரும்ப ஓடும் அந்தச் சுழலை மட்டும் பிராசசரின் சொந்த மொழிக்கு நெருக்கமான அசெம்பிளியில் எழுதினேன். பிபிசி பேசிக்கில் சதுர அடைப்புக்குள் அசெம்பிளியை அப்படியே எழுதலாம். அந்த வசதி இல்லாவிட்டால் நான் 6502 பக்கமே போயிருக்க மாட்டேன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் முழுக்க வீண். பெட்டி 115200 வேகத்தில் பேசும்படி அமைத்து அனுப்பியிருக்கிறார்கள். பிபிசியின் உச்சம் 19200. அதாவது எந்தப் பழைய மெஷினுக்காக விற்கிறார்களோ அதனிடமே இது வாய் திறக்காது. விற்பவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். "லேப்டாப்ல போட்டு மாத்திக்கோங்க மேடம்" என்று பதில் வந்தது. யூஎஸ்பி சீரியல் ஒயர் வாங்கி, லேப்டாப்பில் மாட்டி, 9600 என்று மாற்றிச் சேமித்தேன். அடுத்து பிபிசி பக்கம் *எஃப்எக்ஸ் 7,7, *எஃப்எக்ஸ் 8,7 என்று இரண்டு கட்டளை. வருவதற்கும் போவதற்கும் 9600. மௌனம். பிபிசியின் சீரியல் சாக்கெட் டாமினோ கட்டையில் ஐந்து புள்ளி இருக்குமே, அந்த வடிவம், பிளக்கைத் தலைகீழாகவும் சொருகலாம். 1989-இல் மேல் பக்கம் தெரிய நெயில் பாலிஷ் வைத்திருந்தேன், அது உதிர்ந்துபோய்விட்டது. திருப்பிச் சொருகி, மோடத்தைக் கூப்பிடும் ஏடி கட்டளையை அடித்ததும் ஓகே வந்தது. 1981-இல் ஹேஸ் கம்பெனி ஸ்மார்ட்மோடத்தோடு கொண்டுவந்த அதே ஏடி, அதே ஓகே. எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது என்று சொன்னால் மகள் சிரிப்பாள்.

வைஃபை பாஸ்வேர்டு மூன்று முறை தப்பானது. பிபிசி எழும்போதே கேப்ஸ் லாக் போட்டுக்கொண்டுதான் எழும். அதை மறந்திருந்தேன். இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். எங்கள் வீட்டு ரவுட்டரில் இரண்டு அலைவரிசையும் ஒரே பெயரில் இருந்தன, பிரித்து வேறு பெயர் வைத்த பிறகுதான் பிடித்தது.

பிடித்த பிறகு நல்ல பிள்ளை. டயல் செய்த மறுநொடி கனெக்ட் என்று வந்துவிடுகிறது. டயல் டோன் இல்லை, கிரீச் இல்லை. இந்தியாவில் இன்டர்நெட் பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15-இல் திறந்தபோது நாலு பெருநகரங்களுக்குத்தான் திறந்தது, கடலூருக்கு இல்லை. பின்னால் என் தம்பி வீட்டு மோடத்தில் ராத்திரி கால்பங்குக் கட்டணம் வரும்வரை விழித்திருந்து மெட்ராஸுக்கு எஸ்டிடி போட்டு, பாதியில் லைன் அறுந்து நோ கேரியர் என்று வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்த நாள்களை நினைத்தால் இது சொகுசு. கரண்ட் போய் வந்தாலும் அமைப்புகள் மறப்பதில்லை, தானே வைஃபையில் சேர்ந்துகொள்கிறது. எங்கள் தெருவில் அந்தச் சோதனைக்கு வாய்ப்பு நிறையக் கிடைத்தது.

ஒரு சோதனை நானாகவே வைத்தேன். பேச்சின் நடுவே மோடமிடம் தனியாகப் பேச வேண்டுமென்றால் +++ அடிக்க வேண்டும். ஆனால் அனுப்பும் கோப்புக்குள்ளேயே +++ இருந்தால்? ஹேஸ் வழி என்னவென்றால், முன்னும் பின்னும் ஒரு வினாடி மௌனம் இருந்தால்தான் அதைக் கட்டளையாக எடுக்க வேண்டும். மலிவுப் பெட்டிகள் பல இதை மதிக்காது என்று நினைத்தேன். பத்து வரிக்கு ஒரு +++ வைத்து ஒரு கோப்பு அனுப்பினேன். அசரவில்லை. இதற்கு முழு மார்க்.

இனி குறை. பெரிய குறை ஒன்றுதான்.

பழைய மெஷினில் டெர்மினல் எழுதியவர்களிடம் எது கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். அனுப்புவதைச் சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் நில்லு" என்று எதிராளிக்குச் சொல்வதைத்தான் சொல்வார்கள். பிபிசியில் வரும் எழுத்துகள் 256 இடம் உள்ள ஒரு வரிசையில் போய் நிற்கும். புரோகிராம் எடுத்துத் திரையில் போடப் போட வரிசை குறையும். 9600-இல் நாம் எடுக்காமல் விட்டால் கால் வினாடிக்குக் கொஞ்சம் மேலே வரிசை நிரம்பிவிடும். டிஸ்க் மோட்டார் சுற்றி வேகம் பிடிக்கவே அதைவிட நேரம் ஆகும். அதனால் வரிசையில் ஒன்பது இடம் பாக்கி இருக்கும்போதே பிபிசி ஆர்டிஎஸ் என்ற ஒயரை இறக்கிவிடும். அர்த்தம்: நில்லு. ஏன் ஒன்பது? எதிராளி கவனித்து நிற்பதற்குள் இன்னும் இரண்டு மூன்று எழுத்து வந்து சேரும், அவற்றுக்கு இடம் வேண்டும். இதை யோசித்து எழுதியவர் கைக்குத் தங்க வளையல் போடலாம்.

இந்தப் பெட்டியோ நிற்காது. வந்த கோப்பை டிஸ்க்கில் சேமித்துப் பார்த்தேன், சில பத்தியில் நடுவே ஐம்பது அறுபது எழுத்து காணவில்லை, வாக்கியம் பல் விழுந்த மாதிரி இருந்தது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே மூன்று ஒயர்தான் சாக்கெட்டுக்குப் போகின்றன: வருவது, போவது, தரை. நில்லு என்று சொல்லும் ஒயர் எங்கேயும் போகவில்லை. தரையில் கிடக்கும் போனில் யாரோ கத்துகிற மாதிரி பிபிசி மட்டும் கத்திக்கொண்டிருக்கிறது.

இதற்குள் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிபிசிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சிடிஎஸ் ஒயரில் "சரி, அனுப்பு" என்று வராவிட்டால் ஒரு எழுத்தைக்கூட வெளியே விடாது. மூன்று ஒயர் பெட்டியில் அந்தச் "சரி" யார் சொல்வது? பெட்டியோடு வந்த ஒயரில் பிபிசியின் ஆர்டிஎஸ்ஸையே அதன் சிடிஎஸ்ஸோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். தனக்குத்தானே தலையாட்டிக்கொள்ளும் ஏற்பாடு. வேலை நடக்கும். ஆனால் ஏமாற்றுதான்.

லாரன்ஸ் ரோட்டில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் எடுத்துக்கொண்டு போனேன். லென்ஸை நெற்றியில் இறக்கிப் பார்த்தான்.

"டீச்சர், இந்த மேக்ஸ்3232-ல, வோல்டேஜ் மாத்துற சிப்புல, ரெண்டு ஜோடி இருக்கு. ஒரு ஜோடியத்தான் யூஸ் பண்ணிருக்காங்க. இன்னொண்ணு சும்மா கெடக்கு பாருங்க."

"அப்போ ஒயர் போட்டா போதுமா?"

"போதும். ஆனா வெளிய போற ஒயரு ஈஎஸ்பி சிப்புல பதினஞ்சாம் நம்பர் காலு. ஸ்டார்ட் ஆகும்போது அது கீழ இருக்கணும், மேல இருந்தா போர்டே எழும்பாது. பாத்து வைக்கிறேன்."

எலக்ட்ரோமேக்னடிசத்தில் நூற்றுக்கு 38 வாங்கிய பையன். முடி கனத்தில் இரண்டு ஒயர் எடுத்துப் பத்த வைத்தான், ஒன்று ஈஎஸ்பி சிப்பின் 13-ஆம் காலுக்கு, ஒன்று 15-க்கு. காசு வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னான். ஒயரில் இருந்த முடிச்சை வீட்டுக்கு வந்து நான் வெட்டினேன். நில்லு ஒயரைக் கவனிக்கச் சொல்லும் ஏடி&கே1 கட்டளையை அடித்து, சேமித்து, அதே கோப்பை மறுபடி இறக்கினேன். ஒரு எழுத்து குறையவில்லை. ஆக மென்பொருளில் இந்த வசதி முதலிலிருந்தே இருந்திருக்கிறது, சிப்பில் கால் இருந்திருக்கிறது, இடையில் இரண்டு அங்குல ஒயரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். 1,850 ரூபாய்ப் பொருளில் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1200 பாடில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. வரிசை நிரம்ப இரண்டு வினாடி ஆகும், அதற்குள் டிஸ்க் முடித்துவிடும்.

அடுத்து, பெட்டி மேல் நான் அநியாயமாகப் பழி போட்ட விஷயம்.

எக்ஸ்மோடம் 1977-இல் சிகாகோக்காரர் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதியது. கோப்பை 128 பைட் துண்டுகளாக வெட்டி, முன்னால் துண்டின் எண், அந்த எண்ணை 255-இலிருந்து கழித்தது, பின்னால் கூட்டுத்தொகை என்று கட்டி அனுப்பும். வாங்குகிறவர் கூட்டிப் பார்த்துச் சரியாக இருந்தால் 6 என்ற பைட்டைத் திருப்பி அனுப்புவார், தப்பானால் 21. இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரில் இருந்த எங்கள் வீட்டுக் கணக்கு, 41 கேபி, அதை பிபிசிக்கு இறக்கினேன். 255 துண்டு மளமளவென்று வந்தது. அடுத்த துண்டில் நின்றது. பத்து முறை முயன்று கைவிட்டது. மறுபடியும் போட்டேன், அதே இடம். பெட்டிதான் சூடாகித் தொங்குகிறது என்று நினைத்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன்.

லைன் கோளாறு என்றால் விழுகிற இடம் மாறும். ஒரே இடத்தில் விழுந்தால் அது கணக்குக் கோளாறு. இதை எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! துண்டின் எண் ஒரு பைட். 255-க்கு அடுத்தது 0. என் பேசிக் புரோகிராமோ ஒன்றைக் கூட்டி 256-ஐ எதிர்பார்த்துக் கதவில் நின்றது. வந்த 0-வை "நீ யார்" என்று திருப்பி அனுப்பியது. 1989-இல் எந்த மார்க் லிஸ்ட்டும் 32 கேபியைத் தாண்டவில்லை, அதனால் அந்தப் பிழை இத்தனை காலமும் வெளியே தெரியவில்லை. கூட்டிய எண்ணை 255-உடன் ஆண்ட் செய்ய, அதாவது 256 வந்தால் 0 ஆக்க, ஒரு வரி. ஃபேனைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டேன்.

ஒரே துண்டில் தொடர்ந்து விழுவதற்குப் பெட்டி காரணமாகும் சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குள் நுழையும் டெல்நெட் என்ற முறையில் 255 என்ற பைட்டுக்குத் தனிப் பொருள் உண்டு. எதிர்ப்பக்கம் வெறும் இணைப்பாக இருந்து, பெட்டி டெல்நெட் என்று நினைத்துக்கொண்டிருந்தால் கோப்பில் உள்ள 255-களைக் கெடுத்துவிடும். அதை நிறுத்தும் கட்டளை, பெட்டியோடு வந்த தாளில் கடைசி வரியில், எறும்பு எழுத்தில் இருக்கிறது.

இப்போது அந்த 6, 21 கதை. ராஸ்பெர்ரி பைக்குள் நுழைந்ததும் "வணக்கம், மெஷின் 2" என்று வரும்படி வைத்திருந்தேன். டயல் செய்தேன். திரையில் £.5£.# என்று வந்தது, அடுத்து £. மட்டும் வந்து திரை செத்துவிட்டது. கீ அடித்தால் பெட்டியின் நீல விளக்கு சிமிட்டுகிறது, திரையில் ஒன்றுமில்லை. இரண்டு நொடியில் தானாக உயிர் வந்து வேறு குப்பை கொட்டியது. பேய் பிடித்த மாதிரி.

ராத்திரி பதினொன்றரைக்குப் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து கண்டுபிடித்தேன். என் பழைய புரோகிராம் வரும் ஒவ்வொரு பைட்டிலும் எட்டாவது பிட்டை வெட்டிவிடும், அதாவது எண் 128-ஓ அதற்கு மேலோ இருந்தால் 128-ஐக் கழித்துவிடும். ஆங்கிலத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் எழுதினோம். இன்றைய யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாக வரும். முதல் பைட் எப்போதும் 224. எட்டாவது பிட் போனால் 96. பிபிசியில் 96 என்பது பவுண்டு குறி. இரண்டாவது பைட் 174 என்றால் புள்ளி, 175 என்றால் சாய்கோடு. ஆகத் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பவுண்டைத் தூக்கிக்கொண்டு வந்தது, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் எங்கள் கடலூர் புனித டேவிட் கோட்டையில் உட்கார்ந்து வரி வாங்குகிற மாதிரி.

மூன்றாவது பைட்தான் விபரீதம். வ வெட்டுப்பட்டால் 5, ண வெட்டுப்பட்டால் #, அதுவரை பிழையில்லை. க வெட்டுப்பட்டால் 21. பிபிசியிடம் 21-ஐக் கொடுத்தால் "திரையில் எழுதுவதை நிறுத்து" என்று அர்த்தம். 6 கொடுத்தால்தான் மறுபடி எழுதும். எக்ஸ்மோடத்தில் மறுப்பும் ஏற்பும் ஆன அதே இரண்டு எண்கள். அந்த 6 எங்கிருந்து வந்தது? "மெஷின்" என்ற சொல்லில் உள்ள ஒற்றைக் கொம்பு! ெ வெட்டுப்பட்டால் 6. அப்புறம் உற்சாகம் தாங்காமல் மற்றதையும் போட்டுப் பார்த்தேன். மெய்யெழுத்தின் புள்ளி 13 ஆகிறது, அதாவது வரியின் ஆரம்பத்துக்கு ஓடு. இரட்டைக் கொம்பு 7, பீப் அடிக்கும். ஔகாரக் குறி 12, முழுத் திரையையும் துடைத்துவிடும். "கௌரி" என்று யாராவது அனுப்பினால் க திரையை மூடிவிடுவதால் ஔகாரம் துடைக்க முடியாது. "மௌனம்" என்று அனுப்பினால் திரை நிஜமாகவே மௌனமாகும்.

இதைத் திருத்தி எழுதுவது நடந்துகொண்டிருக்கிறது. 224 வந்தால் அடுத்த இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நானே வரைந்த எழுத்தைப் போட வேண்டும். பிபிசியில் சாதாரணமாக 32 எழுத்து நாமே வரைந்துகொள்ளலாம். தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, மொத்தம் 31. கணக்குப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன், அடுத்த நிமிஷமே காலும் கொம்பும் சுழியும் நினைவுக்கு வந்தன. *எஃப்எக்ஸ் 20 போட்டால் இன்னும் இடம் கிடைக்கும், ஒவ்வொரு 32 எழுத்துக்கும் 256 பைட் நினைவகம் போகும். அது பரவாயில்லை. எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் ண-வின் சுழிகளை எப்படி அடைப்பது என்பதுதான் மூன்று வாரமாக ஓடுகிறது. இப்போதைக்கு அது ன-வுக்கு நல்ல சாப்பாடு போட்ட மாதிரி இருக்கிறது.

வாங்கலாமா என்றால்: உங்கள் மெஷினும் லேப்டாப்பும் ஒரே மேசையில் இருந்து, கோப்பு மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் வேண்டாம். யூஎஸ்பி சீரியல் ஒயர் ஒன்று போதும், நாலில் ஒரு பங்கு விலை. வெளியே டயல் செய்து பழைய பாணி புல்லட்டின் போர்டுகளில் (டயல் செய்து நுழையும் செய்திப் பலகைகள்) உலவ ஆசை என்றால் வாங்குங்கள், ஆனால் பணம் அனுப்புவதற்கு முன் "ஆர்டிஎஸ், சிடிஎஸ் ஒயர் போட்டிருக்கிறீர்களா" என்று கேளுங்கள். "அது தேவையில்லை மேடம்" என்று பதில் வந்தால் சால்டரிங் தெரிந்த ஒரு பழைய மாணவனைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு விற்றவருக்கு ஒயர் போட்ட படத்தை அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று வந்தது. போன வாரம் புதுச்சேரியில் இன்னொருவர் வாங்கிய பெட்டியைப் பார்த்தேன், இன்னும் மூன்று ஒயர்தான்.